பேண்ட் மறைந்தது, புரதம் எங்கே போனது? எம்சிஎல்-1-இன் அரை ஆயுளை அளக்கும் வழி

முனைவர் பட்டத்தின் முதல் வருடம். ஹீலா செல்கள் (லேபில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்கள்) மேல் புற ஊதா ஒளி (யூவி) அடித்து, நான்கு மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் ஓட்டினேன். புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை ஆண்டிபாடியால் கறுப்புப் பட்டையாக, அதாவது பேண்டாக, காட்டும் சோதனை அது. செல்லைச் சாகாமல் காக்கும் எம்சிஎல்-1 என்ற புரதம் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஈரம் காயாத படத்தோடு கைடிடம் ஓடி, "சார், யூவி பட்டதும் எம்சிஎல்-1 வேகமாகச் சிதைகிறது" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார். "சிதைகிறது என்று உனக்கு யார் சொன்னது? செல் புதிதாகச் செய்வதை நிறுத்தியிருந்தாலும் பேண்ட் இப்படித்தானே இருக்கும்?" என்றார்.

பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு சோதனை செய்து முடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. அதில் பாதி நாள் சின்னச் சின்ன அசட்டுத் தவறுகளில் போனது. இப்போது லேபில் புதிதாகச் சேருகிறவர்கள், "அக்கா, சைக்ளோஹெக்சிமைடு சேஸ் எப்படிச் செய்வது?" என்று கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் புரதம் செய்வதை மருந்தால் நிறுத்திவிட்டு, இருப்பது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கும் சோதனை அது. ஒரு முறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஏன் எம்சிஎல்-1

செல் தானாகச் சாகும் வழிக்கு அப்போப்டோசிஸ் என்று 1972-இல் கெர், வில்லி, கர்ரி மூவரும் பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பாலூட்டிகளின் செல்லில் இந்த மரணத்தின் முக்கியமான ஒரு வாசல் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு. பேக், பேக்ஸ் என்ற இரண்டு புரதங்கள் அந்தச் சவ்வில் துளை போட்டால் சைட்டோகுரோம் சி வெளியே கசியும், கேஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொள்ளும், அப்புறம் திரும்பி வர வழியில்லை. எம்சிஎல்-1, பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் ஆகியவை பேக், பேக்ஸையும் அவற்றைத் தூண்டிவிடும் பிம் போன்ற புரதங்களையும் பிடித்து வைத்துக்கொண்டு துளை விழாமல் காக்கின்றன.

காவல்காரர்கள் மூவரும் ஒரே மாதிரி இல்லை. பிசிஎல்-எக்ஸ்எல் ஒரு நாள் முழுக்கக் கூடத் தாக்குப்பிடிக்கும். எம்சிஎல்-1-க்குப் பல செல் வகைகளில் அரை ஆயுள், அதாவது பாதி தீர ஆகும் நேரம், அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான். செல் அதைச் செய்துகொண்டே இருக்கிறது, அழித்துக்கொண்டே இருக்கிறது. வீண் செலவு மாதிரி தெரியும். ஆனால் ஆபத்து வந்தால் சில மணி நேரத்துக்குள் காவலை விலக்கிச் சாக முடிவது இந்தச் செலவால்தான்.

அழிக்கும் வேலையைச் செய்வது புரோட்டியாசோம், செல்லுக்குள் புரதங்களை நறுக்கும் இயந்திரம். 76 அமினோ அமிலம் கொண்ட யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தைச் சங்கிலியாகக் கோத்து, அழிக்க வேண்டிய புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் சில நொதிகள் மாட்டிவிடுகின்றன. மாட்டுகிற கடைசி ஆள் ஈ3 லைகேஸ். சங்கிலி யுபிக்விட்டினின் 48-ஆவது லைசின் வழியாகக் கோக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் போக வேண்டிய இடம் புரோட்டியாசோம். இந்த முறையைக் கண்டறிந்ததற்காக சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. எம்சிஎல்-1-க்குச் சங்கிலி மாட்டும் லைகேஸ்கள் பல. முதலில் 2005-இல் சியாவோதோங் வாங் குழுவினர் ஹீலா செல் சாற்றிலிருந்து பிரித்தெடுத்ததற்கு மியூல் என்று பெயர். கோவேறு கழுதைதான்! எடை 482 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), மிகப் பெரியது. அதையும் பிளாட்டில் பார்த்துவிடலாம் என்று வழக்கமான ஜெல்லில் ஓட்டி ஒரு வாரம் வீணாக்காதீர்கள். ஜெல்லின் மேலே ஊற்றிய கிணற்றை விட்டு இறங்கவே இறங்காது. மாட்டிய சங்கிலியைக் கழற்றிவிட யுஎஸ்பி9எக்ஸ் என்ற எதிராளியும் இருக்கிறது.

ஆக, பிளாட்டில் தெரியும் பேண்ட் என்பது வரவுக்கும் செலவுக்கும் இடையே நிற்கும் இருப்பு. குழாயை மூடினாலும் தொட்டி காலியாகும், அடியில் ஓட்டையைப் பெரிதாக்கினாலும் காலியாகும். எம்சிஎல்-1 மாதிரி தொட்டியே சின்னதாக இருந்தால் இரண்டுமே ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் சேஸ்.

செல் போடுவதிலிருந்து

முதல் நாள் மாலை ஆறு குழிப் பிளேட்டில் குழிக்கு 3 லட்சம் ஹீலா செல்கள். மறுநாள் 70 முதல் 80 சதவீதம் தரை மூடியிருக்க வேண்டும். செல்கள் நெருக்கியடித்து வளர்ந்து மீடியா (செல் வளரும் திரவம்) மஞ்சளாகிவிட்டால் அந்தப் பிளேட்டைக் கழித்துவிடுங்கள். பசியில் இருக்கும் செல் புரதம் செய்வதையே குறைத்துக்கொள்ளும், அப்போது தொடக்கப் புள்ளியே தவறாகிவிடும். செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்து எத்தனை நாளாயிற்று என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைக்ளோஹெக்சிமைடு ஒரு மண் பாக்டீரியா செய்யும் நஞ்சு. ரைபோசோம் அடுத்தடுத்து நகர்வதைத் தடுத்துப் புரதம் செய்வதை நிறுத்திவிடும். நமக்கும் நஞ்சுதான், பொடியை எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் கரைத்துச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். செல்களுக்கு வேண்டியது மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம்.

குழியில் நேராக ஒரு சொட்டு விட்டுக் கலக்குவதுதான் நான் செய்த முதல் தவறு. சொட்டு விழுந்த இடத்தில் டிஎம்எஸ்ஓ செறிவு ஏறி, செல்கள் வட்டமாக உரிந்து வந்தன. சரியான வழி இது: 37 டிகிரியில் சூடாக்கிய மீடியாவில் இரட்டைச் செறிவில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். குழியில் 1 மில்லிலிட்டர் மீடியா இருந்தால் மேலே 1 மில்லிலிட்டர் ஊற்றி, பிளேட்டை முன்னும் பின்னும் இடமும் வலமும் மெதுவாக அசையுங்கள். சுற்றாதீர்கள், சுற்றினால் செல் நடுவில் குவியும்.

நேரப் புள்ளிகள் 0, 15, 30, 60, 90, 120 நிமிடம். ஆறு குழி, ஆறு புள்ளி. எம்சிஎல்-1-க்கு 0, 4, 8, 24 மணி என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் உண்டு. வேறு புரதத்துக்கு எழுதிய நெறிமுறையை அப்படியே எடுத்திருப்பார்கள். நான்காம் மணி நேரத்தில் எம்சிஎல்-1 இருக்கவே இருக்காது, கோடு போட ஒரு புள்ளிதான் மிஞ்சும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் எழுதி வைப்பதில்லை. மருந்தை எல்லாக் குழியிலும் ஒன்றாக ஊற்றிவிட்டு ஒவ்வொன்றாக அறுவடை செய்யாதீர்கள். தலைகீழாகச் செய்யுங்கள். 12 மணிக்கு 120-ஆம் நிமிடக் குழிக்கு மருந்து, சுழியக் குழிக்கு வெறும் டிஎம்எஸ்ஓ. 12.30-க்கு 90, 1 மணிக்கு 60, 1.30-க்கு 30, 1.45-க்கு 15. சரியாக 2 மணிக்கு ஆறு குழியையும் ஒன்றாகப் பனிக்கட்டி மேல் வையுங்கள். எல்லாச் செல்லும் ஒரே நேரம் பிளேட்டில் இருந்திருக்கும், ஒரே கையால் ஒரே சமயத்தில் கரைக்கப்பட்டிருக்கும். இதற்கு மாறியதும் என் பிழைக்கோடுகள் பாதியாகச் சுருங்கின. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேண்டீனில் வரிசையில் நின்றபடி 1.45-ஐத் தவறவிட்டவள் நான்.

இப்படி ஒரு பிளேட் சைக்ளோஹெக்சிமைடு தவிர வேறெதுவும் படாதது, இன்னொன்று உங்கள் கேள்விக்குரியது. எனக்கு அது யூவி. யூவி அடிக்கும்போது மீடியாவை எடுத்துவிட்டு, மெல்லிய பிபிஎஸ் (உப்புக் கரைசல்) படலத்தோடு, மூடியைத் திறந்து வைத்து அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடி 254 நானோமீட்டர் ஒளியை விழுங்கிவிடும். சிரிக்காதீர்கள், எங்கள் லேபிலேயே மூடியோடு அடித்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது பிளேட்டில் சைக்ளோஹெக்சிமைடுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக எம்ஜி132, 10 மைக்ரோமோலார். புரோட்டியாசோமை அடைத்ததும் கோடு சரியாமல் படுத்துக்கொண்டால்தான், அழிப்பது புரோட்டியாசோம் என்று சொல்ல முடியும்.

பிளாட்

அறுவடையில் மிதக்கும் செல்களைக் கொட்டாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் செல் தரையை விட்டு எழும்பிவிடும். மீடியாவைக் கொட்டிவிட்டு ஒட்டியிருப்பதை மட்டும் கரைத்தால், செல் மரணத்தைப் பற்றிய சோதனையில் உயிரோடிருப்பவற்றை மட்டும் எண்ணுகிறோம் என்று அர்த்தம். மீடியாவைக் குழாயில் எடுத்து, சுழற்றி, அடியில் சேர்ந்ததையும் லைசேட்டில், அதாவது செல்லைக் கரைத்த சாற்றில், சேருங்கள்.

செல்லைக் கரைக்கும் ரிப்பா கரைசலில் புரோட்டியேஸ் தடுப்பானைக் கலந்து கரைத்த பிறகு புரத அளவை பிசிஏ முறையில் பாருங்கள். ரிப்பாவில் இருக்கும் எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட், பிராட்ஃபோர்டு என்ற இன்னொரு அளவு முறையைக் குழப்பும். 12 சதவீத ஜெல், தடத்துக்கு 25 மைக்ரோகிராம்.

எம்சிஎல்-1 ஏறக்குறைய 40 கிலோடால்டனில் ஓடும். இப்போது எல்லாத் தடத்திலும் ஒரே அளவு புரதம் ஏறியதா என்று காட்டும் கண்ட்ரோலை யோசியுங்கள். ஆக்டின் 42, ஜிஏபிடிஎச் 37. லேபின் ஃப்ரீசரில் தயாராக இருக்கும் இரண்டுமே எம்சிஎல்-1-க்கு மேலும் கீழுமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மெம்பிரேனை ஸ்ட்ரிப் செய்து, அதாவது பழைய ஆண்டிபாடியைக் கழுவிவிட்டு, மறுபடி போட்டேன். பழைய ஆக்டினின் மிச்சத்தையே எம்சிஎல்-1 என்று இரண்டு வாரம் நம்பினேன். அது எந்த நேரப் புள்ளியிலும் குறையாததைப் பார்த்து, "அடடா, எவ்வளவு உறுதியான புரதம்" என்று வேறு வியந்தேன். வின்குலின் போடுங்கள். 120-க்குப் பக்கத்தில் தனியாக இருக்கும், மெம்பிரேனைக் குறுக்கே வெட்டி மேல் பாதியில் அதையும் கீழ்ப் பாதியில் எம்சிஎல்-1-ஐயும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். எளிதில் சிதையாத புரதம் ஒன்றையும் கூடப் பார்க்க வேண்டும். பிசிஎல்-எக்ஸ்எல் நல்லது, இரண்டு மணி நேரத்தில் அது அசையவே கூடாது. அதுவும் குறைந்தால் பிரச்சினை சிதைவில் இல்லை, தடங்களில் நீங்கள் ஏற்றிய அளவில்.

பேண்ட் தெறிக்கத் தெறிக்கக் கறுப்பாக இருந்தால் அளக்க உதவாது. சுழியப் புள்ளியின் லைசேட்டையே முழுது, பாதி, கால் என்று மூன்று தடத்தில் ஓட்டிப் பாருங்கள். அளவும் அதே விகிதத்தில் குறைந்தால் நீங்கள் நேர்கோட்டுப் பகுதியில் இருக்கிறீர்கள்.

கணக்கு எளிது. ஒவ்வொரு பேண்டையும் அதன் வின்குலினால் வகுத்து, சுழியப் புள்ளியை 100 ஆக்கி, இயற்கை மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிரே போடுங்கள். 0, 30, 60 நிமிடத்தில் 100, 50, 25 வந்தால் மடக்கை 4.61-இலிருந்து 3.22-க்கு இறங்கும். சாய்வு நிமிடத்துக்கு 0.0231. 0.693-ஐ அதால் வகுத்தால் 30 நிமிடம். மூன்று தனித்தனி நாள்களில் செய்து, மூன்று சாய்வுகளையும் ஒப்பிடுங்கள். ஒரே நாளில் மூன்று பிளேட் போடுவது மூன்று முறை செய்ததாகாது.

வரும் கோட்டை எப்படிப் படிப்பது

என் யூவி பிளேட்டும் சாதாரணப் பிளேட்டும் ஏறக்குறைய இணைகோடுகளாக வந்தன. யூவி பட்ட செல்லில் எம்சிஎல்-1 வேகமாகச் சிதையவில்லை. எப்போதும் போலவே சிதைந்துகொண்டிருந்தது, புதிதாக வருவதுதான் நின்றிருந்தது. அப்புறம்தான் 2003-இல் வாங் குழுவினர் ஹீலாவில் இதையே காட்டியிருப்பதைப் படித்தேன்: யூவிக்குப் பிறகு எம்சிஎல்-1 தயாரிப்பு தடைபடுகிறது, இருப்பில் உள்ளதை புரோட்டியாசோம் தீர்த்துவிடுகிறது, அது தீர்ந்தால்தான் செல் சாகத் தொடங்குகிறது. படித்துவிட்டுச் செய்திருந்தால் ஆறு மாதம் மிச்சம். கைடு அதைச் சொல்லாமல் விட்டது தெரிந்தேவா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சாய்வு உண்மையிலேயே செங்குத்தானால் அடுத்துச் செய்ய வேண்டியது யுபிக்விட்டினைப் பார்ப்பது. எம்ஜி132-ஐ நான்கு மணி நேரம் கொடுத்து, கரைசலில் புதிதாகக் கலந்த என்-எத்தில்மாலியிமைடு 10 மில்லிமோலார் சேருங்கள். இல்லாவிட்டால் சங்கிலியைக் கழற்றும் நொதிகள் குழாய்க்குள்ளேயே வேலையை முடித்துவிடும். டிடிடி என்ற வேதிப்பொருளோடு அதைச் சேர்க்கக் கூடாது, ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்ளும். செல்லை 1 சதவீத எஸ்டிஎஸ்ஸில் 95 டிகிரியில் கொதிக்க வைத்து, பத்து மடங்கு நீர்த்து, அப்புறம் எம்சிஎல்-1 ஆண்டிபாடியால் இழுங்கள். கொதிக்க வைக்காமல் இழுத்தால் எம்சிஎல்-1-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும் கூட்டாளிகளின் யுபிக்விட்டினும் சேர்ந்து வரும், தெரியும் கறுப்பு இழுவை யாருடையது என்று சொல்ல முடியாது.

இதிலும் ஒரு பொறி. மியூலைக் கண்டறிந்தவர்கள் எம்சிஎல்-1-இல் யுபிக்விட்டின் ஏறும் ஐந்து லைசின்களையும் அடையாளம் காட்டினார்கள். அப்படியானால் லைசினே இல்லாத எம்சிஎல்-1 செய்து செல்லில் போட்டால் அது அழியாமல் நிற்கும் என்றுதானே நினைப்போம்? லைசின் இல்லாததும் புரோட்டியாசோமில் சிதைகிறது, யுபிக்விட்டின் துணை இல்லாமலே, என்று 2010-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே "யுபிக்விட்டின் இழுவை கூடவில்லை, எனவே சிதைவு இல்லை" என்று எழுதாதீர்கள்.

கேஸ்பேஸை மறந்துவிடுவது இதைவிடச் சகஜம். மரணம் தொடங்கிய செல்லில் கேஸ்பேஸும் எம்சிஎல்-1-ஐ வெட்டும், 127-ஆவது, 157-ஆவது ஆஸ்பார்ட்டேட்டுக்குப் பக்கத்தில். அப்போது பேண்ட் மறைவது மரணத்துக்குக் காரணம் இல்லை, மரணத்தின் விளைவு. கியூவிடி என்ற கேஸ்பேஸ் தடுப்பானோடு ஒரு குழி வையுங்கள். அதே லைசேட்டில் கேஸ்பேஸ் வெட்டும் பார்ப் என்ற புரதத்தையும் பாருங்கள்: 116 கிலோடால்டனில் ஒற்றையாக இருந்தால் கேஸ்பேஸ் இன்னும் தூங்குகிறது, 89-இல் துண்டு வந்துவிட்டால் விழித்துவிட்டது. எம்சிஎல்-1 குறைவது 89 வருவதற்கு முன்னால் நடந்தால்தான் உங்கள் கதை நிற்கும்.

எம்ஜி132 கொடுத்ததும் எம்சிஎல்-1 ஏறும், ஆனாலும் செல்கள் சாகும். முதல் முறை பார்க்கும்போது குழம்பித்தான் போவீர்கள். புரோட்டியாசோமை அடைத்தால் காவல்காரன் மட்டும் தேங்குவதில்லை, எம்சிஎல்-1-ஐ முடக்கும் நாக்ஸா மாதிரி எதிராளிகளும் தேங்குவார்கள். எலும்பு மஜ்ஜைப் புற்றான மல்டிபிள் மைலோமாவுக்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் ஒரு புரோட்டியாசோம் தடுப்பான்தான். அந்த மருந்து பட்ட செல்களிலும் நாக்ஸா குவிகிறது. அதனால் எம்ஜி132-ஐ நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் கொடுத்துவிட்டு வரும் முடிவை நான் நம்புவதில்லை. கால்பெயின், கேதெப்சின் என்ற வேறு புரதம் வெட்டும் நொதிகளையும் எம்ஜி132 தடுக்கும் என்பதால், ஒரு முறையாவது போர்டெசோமிப்பிலோ வேறொரு தடுப்பானிலோ திரும்பச் செய்து பாருங்கள்.

எம்சிஎல்-1-ஐயே குறி வைக்கும் எஸ்63845 மாதிரி மருந்துகளில் வேறொரு வேடிக்கை. மருந்து புரதத்தைச் செயலிழக்கச் செய்யும், ஆனால் அதன் ஆயுளைக் கூட்டும். பேண்ட் தடிக்கும். "மருந்து வேலை செய்யவில்லை அக்கா" என்று ஒரு தம்பி முகம் வாடி வந்தான். அவன் செல்கள் முக்கால்வாசி மிதந்துகொண்டிருந்தன.

மரணத்தை எண்ணுவதற்கு சாகும் செல்லில் ஒட்டும் அனெக்சின்-வி, செத்த செல்லுக்குள் நுழையும் பிஐ சாயம் இரண்டையும் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பாருங்கள். அனெக்சின் ஒட்டக் கால்சியம் வேண்டும், டிரிப்சினோடு வந்த, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவைக் கழுவிவிட்டு அதற்குரிய கரைசலில் போடுங்கள், செல்லை ஃபிக்ஸ் செய்யாதீர்கள். சைக்ளோஹெக்சிமைடு போட்ட குழிகளில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். சி-ஃப்ளிப் போன்ற குறுகிய ஆயுள் காவலர்கள் எல்லாம் அதில் ஒன்றாகத் தீர்ந்துபோகும், அதனால்தான் டிஎன்எஃப் என்ற மரண சமிக்ஞைப் புரதத்தைத் தனியாகக் கொடுத்தால் பொறுத்துக்கொள்ளும் ஹீலா, சைக்ளோஹெக்சிமைடோடு சேர்த்துக் கொடுத்தால் சில மணி நேரத்தில் செத்துப்போகிறது. அரை ஆயுளுக்கு ஒரு பிளேட், மரணத்துக்கு வேறு பிளேட்.

கடைசியாக, அதே நாளில் அதே செல்லிலிருந்து ஆர்என்ஏவும் எடுத்து வையுங்கள். ஆர்என்ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆர் பிறகு செய்துகொள்ளலாம். எம்ஆர்என்ஏ குறைந்திருக்கிறதா என்ற கேள்வி கைடிடமிருந்து வராவிட்டால் ரிவ்யூவரிடமிருந்து வரும், அப்போது அந்தப் பாஸேஜ் செல்கள் உங்களிடம் இருக்காது. மிச்ச லைசேட்டைச் சாம்பிள் பஃப்பரில் கொதிக்க வைத்து, தேதியும் நேரப் புள்ளியும் மூடியில் எழுதாமல் குழாயின் உடம்பில் எழுதி, மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள். மூடிகள் இடம் மாறும்.